பெட்டிக்கு ஓய்வு நாள்

எங்கள் வீட்டுக் கலர் டிவி கடைசிவரைக்கும் புதுசாகவே இருந்தது. கண்ணாடியில் ஒரு கறை இல்லை, படக்குழாயை ஒரு தடவைகூட மாற்றவில்லை. அப்பா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார். கேட்கிறவர்களும், "நல்லா ஒழச்சிருக்குலா" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். அந்த டிவி எங்கே உழைத்தது? அதற்காக நாங்கள் அல்லவா உழைத்தோம்.

அப்பா சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய், பிறகு தண்டலாக ஆனவர். தண்டல் என்றால் மரம் வெட்டுகிறவர்களுக்கு மேலாள். காலையில் ஆட்களை அவரவர் மர வரிசைக்கு, நிரைக்கு, அனுப்பிவிட்டு, வெயில் ஏறியதும் மரம் மரமாகப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்ப்பார். உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டிருந்தால் வெட்டியவர் பாடு திண்டாட்டம்தான். பெண்கள் என்றும் பார்க்கமாட்டார், பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்கமாட்டார். ஒரு மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் சும்மா விட வேண்டும். தினமும் வெட்டினால் பால் வற்றிப்போகும், பட்டை செத்துப்போகும். ஓய்வு கொடுத்தால் புதுப்பட்டை கட்டும். அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான், உலகத்தில் உள்ள அத்தனையையும் அந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்ப்பார்.

மனுஷர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எங்களில் யாருக்காவது ஒரு காயம் பட்டால் அது ஆறட்டும் என்று அவர் பொறுத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். ஊரின் ஓரத்தில் வரிசை வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான், பக்கத்து வீட்டில் சீயக்காய் இடிப்பதுகூட இங்கே கேட்கும். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கேதான் பாகான் செராயிலிருந்து வந்த ஒருவரோடு அவளுக்குப் பழக்கம் ஆனது. அவரும் தமிழர்தான், அவர் அப்பாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போவார், வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. அக்கா அவரைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போன அன்று, அப்பா குளியலறைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். தலைமுழுகிவிட்டேன் என்று பேச்சுக்குச் சொல்வார்கள், இவர் நிஜமாகவே முழுகினார். ஈரத்தோடு வெளியே வந்து, இனி இந்த வீட்டில் அவள் பேர் கேட்கக் கூடாது என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாக அழுதாள், நாங்களும் வெங்காயம் என்றே வைத்துக்கொண்டோம்.

அக்கா போன மறு வருஷம் அப்பா டிவி வாங்கக் கிளம்பினார். கலர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் வரிசையில் இரண்டு மூன்று வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது, கலர் யாரிடமும் இல்லை. வாங்கினால் ஆயுசுக்கும் கிடக்கிற மாதிரி ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். அதற்காக ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கினார். என் கடைக்கு விடுமுறை நாளில் என்னையும் கூட இழுத்துக்கொண்டு போவார். படம் எப்படித் தெரிகிறது என்று ஒரு கடையிலும் பார்க்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் போவார், பலகையைத் தட்டுவார், கையை வைத்துச் சூடு பார்ப்பார், பிறகு முன்னால் வந்து கண்ணாடியைத் தடவுவார். மரத்தைத் தடவுகிற அதே தடவல். கடைப் பையன்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், எனக்கு எங்கே போய் ஒளிவது என்று இருக்கும்.

ஒரு கடையில் வாசலிலேயே பெரிய கலர் டிவி ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். பகலில் நிகழ்ச்சி எதுவும் வராது. நிகழ்ச்சி தொடங்கும்வரை டிவி நிலையம் ஒரு பெரிய வட்டத்தையும் கட்டங்களையும் வண்ணப் பட்டைகளையும் அசையாமல் காட்டிக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று அதை அந்தக் கடையில் காலை முதல் அப்படியே விட்டுவிடுவார்களாம். அப்பா அதை அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகு தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக நின்று கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மங்கலாக, பழுப்பாக, அந்த வட்டமும் கட்டங்களும் அணைத்த கண்ணாடியிலும் தெரிந்தன.

கடை முதலாளி, சீனத் தௌக்கே, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மலாயில்தான் பேசினார். ஒரே படத்தை மாதக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூச்சு வெந்து, படம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெளிச்சத்தை ரொம்ப ஏற்றி வைத்தாலும் குழாய் சீக்கிரம் களைத்துப்போகும். ஆனால் வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம், படம் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா, பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம் என்றார். அப்பா முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டார். மறுபாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

கடையிலேயே விலை கூடின பெட்டியைத்தான் வாங்கினார். நான்கு காலில் நிற்கும் தேக்கு நிறப் பெட்டி, இழுத்துச் சாத்துகிற மடிப்புக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்காகத்தான் வாங்கினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது அவர் இடுப்பில்தான் இருந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. டிவியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். பார்க்கிற நாள், ஓய்வு நாள். ஓய்வு நாளில் நாட்டில் என்ன நடந்தாலும் கதவு திறக்காது. கண்ணாடி ஆறட்டும் என்பார், ஏதோ அதில் புதுப்பட்டை கட்டப்போகிற மாதிரி. வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் ஒரு வாரம் படம் பார்க்கிற நாளில் வரும், அடுத்த வாரம் ஓய்வு நாளில் வரும். பாதிப் படங்களை நாங்கள் சுவர் வழியாகக் கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களின் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சண்டை ஓடும், அழுகை ஓடும், நாங்கள் பூட்டிய கலர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிடுவோம்.

பார்க்கிற நாளிலும் நிம்மதி கிடையாது. அசையாத படம் எதுவும் கண்ணாடியில் நிற்கக் கூடாது. செய்திக்கு முன்னால் கடிகாரம் வரும், விளம்பரத்தில் ஒரே அட்டையைக் காட்டிக்கொண்டு பின்னால் ஒருவர் பேசுவார், அதெல்லாம் அப்பாவுக்கு ஆகாது. பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையைப் பொத்தான் மேலேயே வைத்திருப்பார். படம் நின்றால் டக்கென்று அணைத்துவிடுவார். அணைத்தால் உடனே போடவும் மாட்டார், சூடு ஆற வேண்டும். நாங்கள் படத்தைப் பார்த்ததைவிட அப்பாவின் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

கலரையும் சேமித்தார். கலர் தீர்ந்துபோகும் என்று அவர் எங்கே கேட்டாரோ தெரியாது, அந்தத் திருகை அடியோடு குறைத்து வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்தால் ஏற்றுவார், அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் இறக்கிவிடுவார். வரிசையிலேயே முதல் கலர் டிவி எங்களுடையது, அதில் நாங்கள் பார்த்ததெல்லாம் சாம்பல்தான்.

அம்மா இதற்கெல்லாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிவி மேல் அவளுக்குப் பெரிய ஆசையும் இல்லை. பெட்டி மேல் தூசி படாமல் துடைப்பாள், விருந்தாளிகளுக்குக் கோப்பி கலக்குவாள், படம் ஓடும்போது கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் அந்தப் பெட்டியிடம் ஏதாவது கேட்டாள் என்றால் அது ஒரே ஒரு தடவைதான்.

டிவி வந்து இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் துணிக்கடைக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கோலாலம்பூரிலிருந்து அக்கா. அவள் அப்படிக் கூப்பிடுவது எப்போதாவதுதான். தீபாவளி அவசரத்தில் கடையில் கூட்டம் நெரிந்தது, முதலாளி என்னைப் பார்வையாலேயே எரித்தார். அக்கா வேகமாகச் சொன்னாள். தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் டிவியில் வரும் சிறப்பு நிகழ்ச்சியில், பாட்டுக் குழுவில் அவள் வருகிறாள். "அம்மாவ எப்படியாவது பாக்கச் சொல்லு" என்றாள். "நம்ம வூட்டுலதான் கலர் இருக்குல்ல. அம்மா கண்டிப்பா பாக்கணும்."

அம்மாவிடம் கொல்லையில் துணி காயப்போடும் இடத்தில் வைத்துச் சொன்னேன். அவள் கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டாள். அக்காவைப் பார்த்து அதோடு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இளைத்திருக்கிறாளா, பெருத்திருக்கிறாளா, முடி அப்படியே இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? பிறகு தானாகவே, தோட்டத்துக் கோயில் பஜனையில் அக்கா பாடினால் கடைசி வீடுவரை கேட்கும் என்று சொன்னாள். அப்புறம் விரல் விட்டு நாளை எண்ணினாள். முகம் வாடிவிட்டது. தீபாவளி பார்க்கிற நாள். மறுநாள் ஓய்வு நாள்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் சாவியை விழுங்கினாலும் விழுங்குவார். தீபாவளி அன்று மத்தியானம் விருந்தாளிகள் வந்து டிவியைப் புகழ்ந்து தள்ளிவிட்டுப் போன பிறகு, அவர் குளிர்ந்துபோயிருந்த நேரம் பார்த்து அம்மா வாயைத் திறந்தாள். நாளைக்கு நல்ல பாட்டெல்லாம் போடுகிறார்களாம், அதைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு இரண்டு நாள் சேர்த்துப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். தோட்டத்தில் மழையில் வெட்டு தவறிப்போனால் நாளை மாற்றி வைப்பீர்களே, அது மாதிரிதானே என்று கேட்டாள். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. யோசித்துவிட்டு, "மூணு நாள்" என்றார். அம்மா சரி என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கீரை இல்லை, முறம் இல்லை, கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அப்பா கதவைத் தள்ளினார். நான் நைசாகப் போய்க் கலரைக் கொஞ்சம் ஏற்றினேன். அவர் பார்த்தார், ஆனால் பண்டிகைதானே என்று விட்டுவிட்டார். முதலில் ஒரு நடனம் போனது. பிறகு ஒருவர் வந்து வாழ்த்துச் சொன்னார். அடுத்து ஒரு பாட்டுக் குழு என்று அறிவித்தார்கள். அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது படம் ஒரு குலுக்குக் குலுக்கி மறைந்தது. தடங்கலுக்கு மன்னிக்கவும் என்று மலாயில் எழுதிய ஒரு அட்டை வந்து கண்ணாடியில் நின்றது. டிவி நிலையத்தில் ஏதோ கோளாறு. அந்தக் காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அப்பாவின் கைக்கு அதெல்லாம் தெரியாது. அட்டை வந்ததும் பொத்தானை அமுக்கினார், மடிப்புக் கதவை இழுத்தார், பூட்டினார். சூடு ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்மா, கொஞ்சம் திறந்து பாருங்கள், வந்திருக்கும் என்றாள். அவர் அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். இப்பத்தானே அணைத்தேன் என்றார். அப்போது பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஆர்மோனியமும் தபேலாவும் கேட்டன. படம் வந்துவிட்டது. பாட்டு தொடங்கிவிட்டது.

அம்மா எழுந்து நின்றாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த வாய் அந்த நேரத்தில்தான் திறந்தது.

"என்னங்க, அவ வர்றா. நம்ம பெரியவ வர்றா. ஒரு தடவ பாத்துக்கிறேன், தெறங்க."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கை இடுப்புக்குப் போனது. சாவியை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை, கத்தவில்லை. எதிரே இருந்த பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் கத்தியிருந்தால் நான் அவரை இத்தனை வருஷம் வெறுத்திருக்க மாட்டேன்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து, வா, பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்போம் என்று இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். வீட்டில் கலர் டிவியை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்க்க அடுத்த வீட்டுக்கு ஓடினால் வரிசை முழுக்க என்ன பேசும் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு அப்பாவின் மானம்தான் பெரிதாகப் பட்டது. நீ போ என்றாள். அவள் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்து, காதைச் சேர்த்து நின்றுகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஓடினேன். பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து, செருப்புக் குவியலைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தபோது பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. பொடிப் பொடியாகப் பெண்கள் இரண்டு வரிசையில் நின்றார்கள். அக்கா பின் வரிசையில் ஓரத்தில் இருந்தாள். நல்ல அகலக் கரை போட்ட பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு தரம் நேராக எங்களைப் பார்த்த மாதிரி இருந்தது, அதற்குள் படம் மாறிவிட்டது.

திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இளைக்கவில்லை, முடி அப்படியே இருக்கிறது, பட்டுச்சேலை, பெரிய கரை. அவள் தலையாட்டி ஆட்டிக் கேட்டாள். "அவ கொரலு தனியாக் கேட்டுச்சு" என்றாள். "எல்லாத்துக்கும் மேல ஏறிக் கேட்டுச்சு." சுவரின் சுண்ணாம்பு அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அப்பா அப்போதுதான் எழுந்து பெட்டியைத் திறந்தார். செய்தி ஓடியது. என்ன கல் நெஞ்சு உங்களுக்கு என்று நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "சூடு ஆறலல்லா" என்றார். அந்தப் பதிலைத்தான் சாகும்வரை வைத்திருந்தார். வேறு எத்தனை முறை எப்படிக் கேட்டாலும் அதேதான்.

அடுத்த வாரம் அக்கா மறுபடி கடைக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள். டாக்டர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதலாளி அன்று ஒன்றும் சொல்லவில்லை, கல்லாவை விட்டு எழுந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. சேலைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் காதை ஒட்டி நின்றேன்.

"பாத்தியாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பார்த்தேன் என்றாள், நல்லா பாடினாய் என்றாள், நீ இளைக்கவே இல்லை, தலை நிறையப் பூ வைத்திருந்தாய் என்று நான் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது, பிள்ளையும் வருத்தப்படக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பொய். அக்கா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு, "சேலையப் பாத்தியா? என்னா கலருன்னு சொல்லு" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. நான் பார்த்ததும் சாம்பல்தான். அம்மாவின் கண் அலமாரியில் ஓடியது, முன்னால் இருந்த அடுக்கில் நின்றது. "நீலந்தானே" என்றாள். "நல்ல எடுப்பா இருந்துச்சு."

 அக்கா உடனே, சில்லறை தீர்ந்துபோச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. தீபாவளி வந்தது, அடுத்த தீபாவளியும் வந்தது. அம்மா முதலில் ஒவ்வொரு வாரமும் கேட்பாள், கடைக்குப் போன் வந்ததா என்று. பிறகு மாதத்துக்கு ஒரு தரம் கேட்டாள். பிறகு நான் செருப்பைக் கழற்றும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பாள். பிள்ளைகுட்டி என்று ஆகியிருக்கும், நேரம் இருக்காது என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். ஆனால் அந்தப் பாட்டை மட்டும் விடவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், சந்தையில் யாராவது தெரிந்தவர்கள் எங்கள் மூத்த பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டால் போதும், டிவியில் அவள் பாடினதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அத்தனை பேரில் அவள் குரல் தனியாகத் தெரிந்தது என்பாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டினாள். இனிப்பு நீர் வியாதி வந்து கண் மங்கிப் படுத்த படுக்கையான பிறகும், என்னை அந்தப் பாட்டின் மெட்டைக் கேட்பாள். எனக்கு ஞாபகமில்லை என்பேன். அவளுக்கு இருந்தது.

அம்மா செத்த அன்று அக்கா வந்தாள். கோலாலம்பூரிலிருந்து டாக்சி பிடித்து, எடுக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். அப்பா அவளைப் பார்த்தும் பாராமல் கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்து, ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு, வீட்டைக் கழுவிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்தோம். நான்தான் தொடங்கினேன். உன் வழியைப் பார்த்துப் பார்த்தே அம்மா செத்தாள், ஒரு போன் பண்ண உனக்கு மனசு வரவில்லையே என்று ஏசினேன். 

"அது அம்மாவோட கல்யாணக் கூறைச்சேலடி" என்றாள் அக்கா. "போறப்ப சொல்லாம எடுத்துக்கிட்டுப் போனேன். அதக் கட்டிக்கிட்டு நின்னா அம்மா பாக்கும், புரிஞ்சுக்கும்னு நெனச்சேன். அரக்குச் செவப்பு. நீலம்னு சொல்லுது. அவ்வளவு பெரிய கலர் டிவிய வெச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்கல, வாய்க்கு வந்தத சொல்லுதுன்னு நெனச்சேன்."

அம்மாவின் துணிப்பெட்டியில் அந்தச் சேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா ஒரு நாள் தேடிவிட்டு, தேடியதை யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்தாள். அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அட்டை வந்து நின்றதை, அப்பா பூட்டியதை, சாவியை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை. அவள் முகம் மாறிக்கொண்டே போனது. அழப்போகிறாள் என்று பயந்து அவசரமாக மிச்சத்தையும் சொன்னேன். அம்மா உன்னைப் பார்க்கவில்லைதான், ஆனால் கேட்டாள். சுவரில் காதை வைத்து, பாட்டு முடிகிறவரை நின்று கேட்டாள். உன் குரல் தனியாகக் கேட்டது என்று சாகிறவரை எல்லாரிடமும் சொன்னாள். அது போதும் அக்கா என்றேன்.

அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள்.

"நான் பாடலடி" என்றாள். "பாட்ட வேற ஆளுங்க முன்னாடியே பாடிப் பதிவு பண்ணிட்டாங்க. படம் புடிக்கிற அன்னிக்கு ஒருத்தி வரல, பட்டுச்சேலை இருந்தா வான்னு என்னைக் கூப்டாங்க. நான் சும்மா வாய அசைச்சேன்."

அம்மா அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது யாரோ ஒருத்தியின் குரலை.